திண்ணையில் தூங்கியவர்களும் கக்கூஸ் வழியே ஓடியவனும்

சென்ற இதழில் நண்பர் எழுதியிருந்த கானா கட்டுரையைப் படித்தேன். பெயர் சொல்லப் போவதில்லை. இந்தப் பத்திரிகையைக் கையில் எடுக்கிற எல்லோருக்கும் அவர் யார் என்று தெரியும். எனக்குப் பதில் சொல்ல அவருக்கு இதே பக்கங்கள் இருக்கின்றன. கட்டுரையின் வாதத்தை நாலு வரியில் சொல்லிவிடலாம். நிக்ரூமாவின் மக்கள் மாநாட்டுக் கட்சி 1949-ல் பிறந்தது. 1957-ல் நாட்டுக்குச் சுதந்திரம் வாங்கித் தந்தது. 1966-ல் ஒரு காலைப் பொழுதில் இல்லாமல் போயிற்று. அழுகுவதே கட்சியின் சுபாவம். ஆகவே எழுத்தாளன் எல்லாக் கட்சிகளுக்கும் வெளியே தன் பிரக்ஞையைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கவேண்டும். சாட்சி, அயி க்வெய் அர்மாவின் நாவல்.

இந்த முடிவு நமக்கு எவ்வளவு சௌகரியமானது என்பதுதான் என் முதல் சந்தேகம். எங்கோ மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு கட்சி விழுந்தது. அதனால் இங்கே நாம் ஒன்றும் செய்யாமல் இருந்தது நியாயமாகிவிட்டது. பிறர் வீழ்ச்சியிலிருந்து தன் தூய்மைக்கு நற்சாட்சிப் பத்திரம் எழுதிக்கொள்வதை விமர்சனம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நிக்ரூமாவுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அவருடைய சிறையில் செத்தவர்களைப் பற்றிக் கீழே எழுதத்தான் போகிறேன். ஆனால் விழுந்த ஒன்றைப் பற்றி எழுதுகிறவன், அது எதனால் எழுந்தது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். நண்பரின் கட்டுரையில் எழுச்சிக்கு ஒரு பத்தி. வீழ்ச்சிக்கு ஐந்து பக்கம்.

*

1947 ஆகஸ்டில் சால்ட்பாண்டில் கோல்ட் கோஸ்ட்டின் வக்கீல்களும் வியாபாரிகளும் கூடி ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். ஜே.பி. டான்குவா அதன் மூளை. சுயாட்சி வேண்டும், ஆனால் அவசரமில்லாமல், முறைப்படி வேண்டும் என்பது அவர்கள் நிலை. கூட்டம் சேர்க்கவும் காரியம் பார்க்கவும் ஒரு செயலாளர் தேவைப்பட்டது. லண்டனிலிருந்த நிக்ரூமாவை அழைத்தார்கள். டிசம்பரில் அவர் வந்து இறங்கினார்.

1948 பிப்ரவரி 28 அன்று அக்ராவில், யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்கள் கவர்னரிடம் மனுக் கொடுக்க ஊர்வலமாகப் போனார்கள். போலீஸ் சுட்டதில் மூன்று பேர் செத்தார்கள். நகரம் எரிந்தது. டான்குவா, நிக்ரூமா உள்பட ஆறு தலைவர்களைக் கைது செய்து வடக்கே அனுப்பினார்கள். வெளியே வந்தபோது வக்கீல்கள் கமிட்டிகளில் உட்காரத் தயாராக இருந்தார்கள். நிக்ரூமா செப்டம்பரில் 'அக்ரா ஈவினிங் நியூஸ்' என்ற தினசரியைத் தொடங்கினார். நம்மைப் போன்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கட்சிக்கு ஒன்பது மாதம் முன்பே பத்திரிகை பிறந்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் தெருமுனையில் சத்தமாகப் படித்தார்கள், தெரியாதவர்கள் கேட்டார்கள்.

1949 ஜூன் 12-ல் அக்ராவில் பெருங்கூட்டத்தின் முன் மக்கள் மாநாட்டுக் கட்சி பிறந்தது. அதில் சேர்ந்தவர்களுக்கு எதிராளிகள் வைத்த பெயர் 'திண்ணைப் பையன்கள்'. வீடில்லாமல் பணக்காரர் வீட்டுத் திண்ணைகளில் படுத்துக்கிடந்தவர்கள் என்று ஏளனம். ஆரம்பப் பள்ளியோடு படிப்பு நின்றுபோய் வேலை தேடி நகரத்துக்கு வந்த இளைஞர்கள், சந்தையில் மீனும் துணியும் விற்ற பெண்கள், ரயில்வேக்காரர்கள், குமாஸ்தாக்கள். கட்சி அந்த ஏளனத்தைக் கீழே போடாமல் எடுத்து அணிந்துகொண்டது. சிறைக்குப் போய் வந்தவன், பட்டதாரி தொப்பி போடுவதுபோல, 'சிறைப் பட்டதாரி' என்று எழுதிய தொப்பியைப் போட்டுக்கொண்டு ஊர்வலத்தில் வந்தான். வக்கீலின் ஆக்ஸ்போர்டுக்கு இது பதில். அவமானப்படுத்தப்பட்ட ஒரு ஜனத்திரள் முதன்முதலாகத் தன் பாஷையைக் கண்டுபிடித்த கணம் அது. இலக்கியத்தில் அக்கறை உள்ளவனுக்கு இது ஒன்றுமில்லாத விஷயமா?

1950 ஜனவரியில் வேலைநிறுத்தம், புறக்கணிப்பு. நிக்ரூமா ஜேம்ஸ் கோட்டைச் சிறையில். 1951 பிப்ரவரியில் தேர்தல். சிறையிலிருந்தபடியே அக்ராவில் நின்று, பதிவான 23,122 ஓட்டுகளில் 22,780 வாங்கினார். மக்கள் ஓட்டுக்கு விடப்பட்ட 38 இடங்களில் கட்சிக்கு 34. கவர்னர் அவரை விடுதலை செய்து ஆட்சியில் உட்காரவைக்க வேண்டி வந்தது. அடுத்த வருடமே ஆரம்பப் பள்ளிச் சம்பளம் ரத்து. திண்ணையில் படுத்தவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். இதையெல்லாம் 'ஆரம்பகால உற்சாகம்' என்று இரண்டு வார்த்தையில் நண்பர் கடந்துபோகிறார். அவரும் நானும் இன்று எதைப் படிக்கிறோமோ, அதை எழுதக்கூடிய ஒரு தலைமுறை அந்தப் பள்ளிகளிலும் அந்தச் சூழலிலுமிருந்துதான் எழுந்துவந்தது.

*

இனி வீழ்ச்சி. நண்பர் அதை 1961-லிருந்து, தங்கக் கட்டிலிலிருந்து தொடங்குகிறார். மந்திரி க்ரோபோ எடுசெயின் மனைவி லண்டனில் 3,000 பவுனுக்கு வாங்கிய முலாம் பூசிய கட்டில், 1962-ல் உலகப் பத்திரிகைகளெல்லாம் சிரித்த கட்டில். நல்ல கதைதான். ஆனால் ஒரு கட்டில் ஒரு கட்சியைக் கவிழ்க்காது. நான் 1954-லிருந்து தொடங்குவேன். விஷயம் கொக்கோ.

அந்த நாட்டின் செல்வம் கொக்கோவில் இருந்தது. வெள்ளைக்காரத் தோட்டங்கள் கிடையாது. அஷாந்தியிலும் தெற்கிலும் விவசாயிகளே நட்டு வளர்த்த மரங்கள். 1947-லிருந்து அரசாங்கத்தின் கொக்கோ வாரியம்தான் கொள்முதல் செய்யும். விவசாயிக்கு ஒரு நிர்ணய விலை. லண்டனில் வேறொரு விலை. நடுவில் இருக்கும் வித்தியாசம் வாரியத்துக்கு. விலை சரிகிற காலத்தில் விவசாயியைக் காப்பாற்றச் சேமிக்கிறோம் என்று வெள்ளைக்காரன் சொன்னான். அந்தச் சேமிப்பு லண்டனில் பிரிட்டிஷ் கடன் பத்திரங்களாகக் கிடந்தது. திண்ணைப் பையன்கள் ஆட்சிக்கு வந்தபோது இந்த யந்திரம் அப்படியே அவர்கள் கைக்கு வந்தது. அவர்கள் அதை உடைக்கவில்லை. 1954 ஆகஸ்டில் 60 ராத்தல் கொண்ட ஒரு சுமைக்கு 72 ஷில்லிங் என்று நாலு வருடத்துக்கு விலையைக் கட்டிச் சட்டம் போட்டார்கள். டன்னுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 134 பவுன். லண்டனில் அப்போது அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போய்க்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடமும் சாலையும் துறைமுகமும் கட்டப் பணம் வேண்டும், எல்லோரும் சேர்ந்து தேசத்தைக் கட்ட வேண்டும் என்பது கட்சியின் நியாயம். பாதி நியாயம்தான். மற்றப் பாதியை ஜிபோவு விசாரணைக் குழு 1956-ல் எழுதியது. விவசாயிகளுக்குக் கடன் கொடுக்க ஏற்படுத்திய கொக்கோ கொள்முதல் கம்பெனி கட்சி வேலைக்குப் பயன்பட்டது. கடன் கட்சி ஆளுக்குக் கிடைத்தது. 1954 செப்டம்பரில் குமாசியில் தேசிய விடுதலை இயக்கம் என்று எதிர்க்கட்சி எழுந்தது இந்தக் கோபத்தில்தான். குண்டுகள் வெடித்தன, வீடுகள் எரிந்தன, இரு தரப்பிலும் ஆட்கள் செத்தார்கள். 1956 தேர்தலில் 104 இடங்களில் 71 கட்சிக்கே. ஆனால் அஷாந்தியில் பெரும்பான்மை இடங்கள் கையைவிட்டுப் போயின. நாட்டின் சோறு எங்கிருந்து வருகிறதோ அந்த மண்ணில் கட்சி 1956-லேயே அந்நியமாகிவிட்டது. தங்கக் கட்டிலின் பணம் எந்த மரத்தில் காய்த்தது என்று கேட்டால், நண்பரே, இந்த மரத்தில்தான்.

பிறகு சட்டம். 1957 மார்ச் 6-ல் சுதந்திரம். 1958 ஜூலையில் தடுப்புக் காவல் சட்டம்: விசாரணை இல்லாமல் ஐந்து வருடம் உள்ளே வைக்கலாம். இது 1954-ன் தொடர்ச்சி. விவசாயியின் கோபத்துக்குக் காது கொடுக்க முடியாதவனுக்குச் சிறைக் கதவு தேவைப்படுகிறது. எதிர்க்கட்சித் தலைவர் புஸியா 1959-ல் நாட்டை விட்டுப் போனார். டான்குவா 1960 ஜனாதிபதித் தேர்தலில் நிக்ரூமாவை எதிர்த்து நின்று தோற்றார். 1961-ல் சிறை, 1964-ல் மறுபடி சிறை. 1965 பிப்ரவரி 4-ல் ன்சவாம் சிறையில் இறந்தார். வக்கீல் மட்டுமல்ல அவர். அகான் மக்களின் கடவுட் கொள்கை பற்றி 1944-ல் புத்தகம் எழுதியவர், நாடகம் எழுதியவர். பழைய சாம்ராஜ்யம் ஒன்றின் பெயரான 'கானா'வைப் புதிய நாட்டுக்குப் பெயராகப் பரப்பியவரும் அவரே. நாட்டுக்குப் பெயர் தேடித் தந்தவன் அந்த நாட்டின் சிறையில் செத்தான்.

நான் கேட்க விரும்புவது இது: அப்போது அந்த நாட்டில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் என்ன எழுதினார்கள்? இந்தக் கேள்வி நண்பரின் கட்டுரையில் எங்கும் இல்லை. அவருடைய எழுத்தாளன் ஏற்கெனவே வெளியே நிற்கிறான் அல்லவா.

*

1960-களின் தொடக்கத்தில் அக்ராவில் எழுத்தாளர்கள் ஓர் இலக்கியப் பத்திரிகை நடத்தினார்கள். பெயர் 'ஒச்சியாமே'. அகான் அரசவையில் அரசன் ஜனங்களோடு நேராகப் பேசுவதில்லை. கையில் கோலோடு ஒருவன் பக்கத்தில் நிற்பான். அரசன் தாழ்ந்த குரலில் சொல்வதை அவன் வாங்கி, அழகுபடுத்தி, சபைக்குச் சொல்வான். சபை சொல்வதையும் அவனே அரசனுக்குச் சொல்வான். அவன்தான் ஒச்சியாமே. எழுத்தாளர்கள் தங்களுக்கு இந்தப் பெயரை வைத்துக்கொண்டதில் ஓர் ஆழ்ந்த சுயபுரிதல் இருக்கிறது. இரண்டு பக்கமும் பேச வேண்டியவன். ஒரு பக்கம் மட்டும் பேசினால் அவன் வெறும் கட்டியக்காரன்.

கட்டியக்காரர்களுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. 'ஈவினிங் நியூஸ்' என்ன ஆயிற்று என்று பாருங்கள். ஒரு காலத்தில் தெருமுனையில் சத்தமாகப் படிக்கப்பட்ட பத்திரிகை, கிறிஸ்தவர்களின் விசுவாசப் பிரமாணத்தின் அச்சில் கட்சியின் பேரில் பிரமாணம் அச்சிட்டது. தலைவருக்கு 'ஒசாஜியேஃபோ' என்ற பட்டம் நிரந்தரமாயிற்று. வின்னெபாவில் தலைவரின் பெயரால் ஒரு சித்தாந்தக் கல்லூரி. கட்சிதான் நாடு, நாடுதான் கட்சி என்ற கோஷம். கோஷத்தை நாம் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அதன் இலக்கணம் பயங்கரமானது. இரண்டு சொற்களும் ஒன்றே என்றால், கட்சியைப் பற்றி ஒரு குறை சொல்ல பாஷையில் இடமே கிடையாது. குறை சொன்னவன் தேசத்துரோகி.

இந்த இலக்கணம் கணக்கையும் தின்றது. 1964 ஜனவரியில், ஒரே கட்சி போதுமா என்று ஜனங்களிடம் கேட்டார்கள். ஆம்: 27,73,920. இல்லை: 2,452. அஷாந்தியில், பத்து வருடம் முன்பு குண்டு வெடித்த அஷாந்தியில், 'இல்லை' என்று ஓர் ஓட்டுக்கூட இல்லை! 1965-ல் பொதுத் தேர்தல் என்று அறிவித்தார்கள். பிறகு ஓட்டுப் போடும் சிரமமும் வேண்டாம் என்று 198 உறுப்பினர்களும் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டதாக அறிவித்தார்கள். 22,780 ஓட்டில் சிறைக் கதவைத் திறந்த கட்சி, பதினாலே வருடத்தில் ஓட்டே வேண்டாத கட்சியாயிற்று.

தலைவருக்கு இது தெரியாமலில்லை. 1961 ஏப்ரல் 8 அதிகாலையில் வானொலியில் பேசினார். கட்சிக்காரர்கள் வீடும் காரும் தொழிலும் சேர்ப்பதைக் கண்டித்தார். கண்டித்தது நிஜம், நேர்மையும் இருந்திருக்கலாம். ஆனால் அதைக் கேட்டு எழுந்து 'ஆமாம், இன்னின்னார்' என்று சொல்லக்கூடிய பத்திரிகை, சங்கம், நீதிமன்றம் எதையும் அவர் மிச்சம் வைக்கவில்லை. 1963 டிசம்பரில், குண்டு வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட தன் பழைய சகாக்களைத் தலைமை நீதிபதி ஆர்க்கு கோர்சா விடுவித்தபோது, நீதிபதியை வேலையிலிருந்து விலக்கினார். விமர்சனம் செய்யும் உரிமை ஒருவனுக்கு மட்டும் இருக்கிற நாட்டில் அவனுடைய விமர்சனமும் இன்னொரு உத்தரவுதான்.

*

இப்போது நாவலுக்கு வருகிறேன். நண்பரின் முழுப் பலமும் அதில்தான். என் கோபமும் அதில்தான்.

நாவலின் கடைசியில் ராணுவப் புரட்சி நடக்கிறது. ஆளும் கட்சியின் மந்திரி கூம்ஸன் ஓடி ஒளிய வழியில்லாமல் பழைய பள்ளித் தோழனின் வீட்டுக்கு வருகிறான். இருவரும் எடுப்புக் கக்கூஸின் துவாரத்தில் நுழைந்து, மலம் அள்ளுகிறவன் வரும் பின்வழியாகத் தப்பிக்கிறார்கள். 'கட்சி என்பதன் சாரம் இந்தத் துவாரத்தில் இருக்கிறது' என்கிறார் நண்பர். இதை அவர் தத்துவார்த்தமான மலம் என்று நினைக்கிறார். பெக்கெட், சார்த்தர், 'குமட்டல்' என்று பெயர்கள் வரிசையாக வருகின்றன.

அய்யா, கதாநாயகன் என்ன வேலை பார்க்கிறான்? ரயில்வே குமாஸ்தா. அர்மா பிறந்த ஊர் எது? டக்கராடி. செகோண்டி-டக்கராடி ரயில்வே ஊழியர்கள் யார்? 1950-ல் வெள்ளைக்காரனுக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்து கட்சியைத் தூக்கிவிட்டவர்கள். 1961 செப்டம்பரில் அதே ஆட்கள், கட்டாயச் சேமிப்பு என்று சம்பளத்தில் கைவைத்த பட்ஜெட்டை எதிர்த்து, தாங்கள் தூக்கிவிட்ட கட்சிக்கு எதிராக இரண்டு வாரத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். தலைவர்களைத் தடுப்புக் காவல் சட்டத்தில் பிடித்துப் போட்டார்கள். சந்தைப் பெண்கள் வேலைநிறுத்தக்காரர்களுக்குச் சோறு போட்டார்கள். அந்த ஊரின் ஒரு ரயில்வே குமாஸ்தா லஞ்சம் வாங்க மறுத்து, மனைவியின் ஏச்சுக்கிடையில் அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் நடக்கிறான். அவன் மூக்கில் ஏறுகிற நாற்றத்துக்கு ஊரும் வருடமும் உண்டு. அதைப் பாரிஸ் குமட்டலாக மாற்றிவிட்டால் நாவலில் மிச்சம் இருப்பது நம் மேட்டிமைதான்.

இன்னொன்று. ஆறாம் அத்தியாயத்தை நண்பர் படித்தாரா? யுத்தத்திலிருந்து திரும்பியவர்களின் உடைந்த வாழ்க்கைகள், கஞ்சா புகை, அதன் நடுவே மானான் என்ற பெண் ஒரு புதிய இளம் தலைவனின் பேச்சைக் கேட்கப் போவது, வக்கீல்கள் பேசியதைப் போலில்லாமல் அவன் பேசியது, கேட்டவர்களுக்குள் ஏதோ திறந்துகொண்டது. நாவலின் மிக நீண்ட அத்தியாயம் இது. எழுச்சியின் அழகை அர்மா இவ்வளவு நெருங்கி எழுதியிருக்காவிட்டால் கக்கூஸ் காட்சி வெறும் அருவருப்பாக நின்றிருக்கும். நம்பியவன் எழுதிய நாவல் அது. நம்பாதவன் அதைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

அச்சேபே இந்த நாவலை நோயாளிப் புத்தகம் என்று கண்டித்தது எல்லோருக்கும் தெரியும். கானாவின் நோயை விட்டுவிட்டு மனித நிலையின் நோயைப் பாடுகிறது என்பது அவர் குற்றச்சாட்டு. வேடிக்கை என்னவென்றால், அச்சேபே எதைக் குறை என்றாரோ அதையே நம் நண்பர் குணம் என்கிறார். இரண்டு பேரும் ரயில்வே ஊரைப் பார்க்கவில்லை.

கடைசிப் பக்கங்களையும் நண்பர் விட்டுவிட்டார். புரட்சிக்கு மறுநாள் சாலைத் தடுப்பில் புதிய ஆட்சியின் போலீஸ்காரன் பஸ் டிரைவரிடம் லஞ்சம் வாங்குகிறான். எழுத்துப் பிழையோடு அந்த பஸ்ஸின் முதுகில் எழுதியிருந்ததுதான் நாவலின் தலைப்பு. கட்சி போனதால் எதுவும் சுத்தமாகவில்லை என்று அர்மா 1968-லேயே சொல்லிவிட்டார். சரித்திரமும் அதையே சொன்னது. தடுப்புக் காவல் கைதிகளை விடுவித்த ராணுவம், 'பாதுகாப்புக் காவல்' என்று பெயரை மாற்றிக் கட்சிக்காரர்களை உள்ளே தள்ளியது. புரட்சி செய்த கொட்டோகாவை 1967-ல் இன்னொரு புரட்சி முயற்சி கொன்றது. அவருடைய கூட்டாளி அஃப்ரிஃபாவை 1979 ஜூனில் மற்றொரு ராணுவம் சுட்டுக் கொன்றது.

*

எதிர்க்கரையில் இருப்பவர்களையும் விட்டுவிட முடியாது. நண்பரின் கட்டுரை வந்தபின் ஒரு மொட்டைமாடிக் கூட்டத்தில் ஒரு தோழர் எழுந்து, 'எல்லாம் சி.ஐ.ஏ. வேலை, இதில் என்ன இலக்கிய விசாரம்' என்றார். சி.ஐ.ஏ. வேலை இருந்தது. அந்த ஸ்தாபனத்திலிருந்து வெளியே வந்த ஜான் ஸ்டாக்வெல் 1978-ல் எழுதினார். புரட்சி முடிந்ததும் வெள்ளை மாளிகை அதிகாரி ஒருவர் ஜான்சனுக்கு, எதிர்பாராத அதிர்ஷ்டம் என்ற தோரணையில் எழுதிய குறிப்பும் பின்னால் வெளிவந்தது. கொக்கோ விலை 1965 நடுவில் டன் நூறு பவுனுக்கும் கீழே சரிந்தது. அந்த வருடம் கானாவில் 5 லட்சம் டன்னுக்கு மேல் விளைச்சல். விலையை நிர்ணயித்தது கானா அல்ல. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

ஆனால் தோழரிடம் ஒரே கேள்வி. 1966 பிப்ரவரி 24-ல் நிக்ரூமா வியட்நாம் சமாதானத்துக்காக ஹனாய் போகும் வழியில் பீக்கிங்கில் இருந்தார். அக்ராவில் அவர் மாளிகைக் காவலர்கள் சற்று நேரம் சண்டை போட்டார்கள். அவ்வளவுதான். இரண்டு வருடம் முன்பு 'ஆம்' என்று சொன்ன 27 லட்சம் பேர் எங்கே போனார்கள்? கட்சியைக் கலைத்ததாக ரேடியோ அறிவித்தபோது, அதைக் காக்க ஒரு கிளை அலுவலகத்தின் முன்னால் ஏன் கூட்டம் கூடவில்லை? சந்தைப் பெண்கள் தெருவில் இறங்கி ஆடினார்கள், சிலை கீழே விழுந்தது. சி.ஐ.ஏ. ஒரு கதவைத் தள்ளியிருக்கலாம். அதன் தாழ்ப்பாளைக் கட்சியே பத்து வருடமாக அறுத்து வைத்திருந்தது.

கம்பாலாவிலிருந்து வந்த 'டிரான்ஸிஷன்' பத்திரிகையை இங்கே நினைத்துக்கொள்கிறேன். வங்காளி வம்சத்தில் வந்த ரஜத் நியோகி 1961-ல் தொடங்கியது. நிக்ரூமா விழுந்த அதே 1966-ல் அலி மஸ்ரூய் அதில், நிக்ரூமா ஒரே சமயத்தில் லெனினாகவும் ஜாராகவும் இருக்க ஆசைப்பட்டார் என்று எழுதினார். வாசகர்கள் சண்டைக்கு வந்தார்கள். நியோகி சண்டையையும் அச்சிட்டார். அடுத்த வருடம், பத்திரிகைக்கு வந்த பணத்தில் சி.ஐ.ஏ. பணமும் ஒரு கலாசார அமைப்பின் வழியே கலந்திருந்தது வெளிப்பட்டது. பம்பாயிலிருந்து வந்த 'க்வெஸ்ட்'டும் அதே அமைப்பின் குடும்பம்தான். 1968-ல் உகாண்டா அரசு நியோகியைச் சிறையில் போட்டது. பிறகு பத்திரிகை மறுபடி எழுந்தது எங்கே தெரியுமா? 1971-ல், அக்ராவில். கட்சிக்கு வெளியே நின்றால் கறைபடாது என்கிறவர்கள் இந்தக் கதையை ஒருமுறை படிக்கட்டும். வெளியே என்று நாம் நினைத்த இடத்துக்கும் யாரோ வாடகை கட்டிக்கொண்டிருக்கலாம். ஆனாலும் அந்தப் பக்கங்களில் நடந்த சண்டை நிஜமான சண்டை.

*

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பார்கள். சொல்லிவிடுகிறேன்.

இருபத்திரண்டு வயதில் நான் ஒரு கட்சியின் இலக்கிய வட்டத்தில் இருந்தேன். எந்தக் கட்சி என்பது முக்கியமில்லை. ஒரு மாலை, எங்களில் ஒருவரை விலக்கத் தீர்மானம் வந்தது. அவர் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அதை நான் படித்திருந்தேன், எனக்குப் பிடித்திருந்தது. எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். அவர் எழுந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார். செருப்பைத் தேட அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்த நேரத்தில் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடுத்த வருடம் நானும் வெளியேறினேன், வேறு காரணத்துக்காக. வெளியேறியபின் பல காலம், அரசியலை விட்டு ஒதுங்கியதால் சுத்தமாகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நண்பரின் கட்டுரையில் அந்த நினைப்பை அச்செழுத்தில் பார்த்தேன். கை தூக்கியவன் ஒதுங்கிப்போவதால் தூக்கிய கை இறங்கிவிடாது.

சி.எல்.ஆர். ஜேம்ஸை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. நிக்ரூமாவை இளைஞனாக அமெரிக்காவில் அறிந்தவர், கானாவின் எழுச்சியைக் கொண்டாடியவர். தலைமை நீதிபதி விலக்கப்பட்ட செய்தி வந்ததும் நிக்ரூமாவுக்கு நேரடியாக எழுதிக் கேட்டார். பதில் வராதபோது பகிரங்கமாக முறித்துக்கொண்டார். 1977-ல் வெளியிட்ட புத்தகத்தில் எழுச்சியைப் பற்றித் தான் முன்பு எழுதியதை அழிக்கவில்லை, முறிவையும் மறைக்கவில்லை. இரண்டும் ஒரே அட்டைக்குள் இருக்கின்றன. ஆட்சி நடந்துகொண்டிருக்கும்போதே சொன்னார். சோயிங்காவும் தன் சர்வாதிகாரி நாடகத்தை 1965-லேயே மேடையேற்றினார். பலர் அதில் நிக்ரூமாவைப் பார்த்தார்கள். விழுந்தபின் பாடம் சொல்வதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை நண்பருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நிக்ரூமா மீண்டும் கானா மண்ணை உயிரோடு மிதிக்கவில்லை. கினியாவில் அடைக்கலம்; 1972 ஏப்ரலில் புகாரெஸ்டில் மரணம். பிணம் கினியாவில் புதைக்கப்பட்டு, பிறந்த ஊரான ன்க்ரோஃபுலுக்கு வந்து, 1992-ல் அக்ராவில் நினைவிடத்துக்குப் போயிற்று. உடைந்த பழைய சிலையையும் அங்கே வைத்திருக்கிறார்கள். கட்சியின் பெயர் 1990-களில் திரும்பி வந்தது. 2008-ல் ஜொமோரோ தொகுதியில் அவர் மகள் சாமியா வென்றார். பாராளுமன்றத்தில் கட்சிக்கு அந்த ஓர் இடம்தான். 2012-ல் அதுவும் இல்லை. தலைவருக்கு ஜனங்கள் சமாதி கட்டினார்கள். கட்சிக்கு ஓட்டுப் போடவில்லை.

நண்பரிடம் கேட்பது இதுதான். ஆறாம் அத்தியாயத்தைத் திரும்பப் படித்துவிட்டு எழுதுங்கள். 72 ஷில்லிங்கைப் பற்றி எழுதுங்கள். உங்கள் எழுத்தாளன் வெளியே நிற்கிறான் என்கிறீர்களே, அவன் 1958 ஜூலையில் என்ன செய்துகொண்டிருந்தான் என்று எழுதுங்கள். முடிந்தால் உங்கள் கை எப்போதாவது உயர்ந்ததா என்பதையும் எழுதுங்கள். என்னுடையதை எழுதிவிட்டேன்.